ஒட்டக மேட்டில் இறங்கும் சத்தம்

காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிட வேண்டும் என்று சின்னவள் நினைத்திருந்த காரியம் முதல் அடியிலேயே அம்பலமானது. பார்சல் கொண்டுவந்த ஆள் மாடி ஏறச் சோம்பல்பட்டுக் கீழ் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கீழ் வீட்டில் இருப்பது யார்? பெரியவள். உலகத்தில் யாருக்கு மட்டும் தெரியக் கூடாதோ அதே பெரியவள்.

சின்னவள் வேலை முடிந்து வந்தபோது பெரியவள் வாசலிலேயே நின்றிருந்தாள். பார்சலைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

"நாலு உருப்படி இருக்கு. எல்லாம் உலோகம். கூடவே ஒரு சின்ன பாட்டில். என்னடி இது?"

"வளையல்க்கா."

"வளையலுக்கு எண்ணெய் எதுக்கு? நேரா சொல்லு, ஷாக் அப்சார்பர் வாங்கியிருக்க."

சின்னவள் பார்சலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் கால் தரையில் பாவவில்லை. எத்தனை மாதமாக ஆசைப்பட்ட சாமான்!

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட இந்த இரண்டு ஓரகத்திகளும் நகைக்கும் புடவைக்கும் மல்லுக்கு நின்றிருந்தால் குடும்பம் நிம்மதியாக இருந்திருக்கும். இவர்கள் மல்லுக்கு நின்றது ரிமோட் காரில். முழங்கை நீளம் ஒரு கார், அதற்கு முள் முள்ளாக நாலு டயர், ஓட்டுவதற்கு மேடும் பள்ளமுமாக ஒரு மண் பாதை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் ஒரே வண்டியில் மைதானத்துக்குப் போவார்கள், ஒரே மேசையில் சாமான்களைப் பரப்புவார்கள், ஓட்டம் தொடங்கியதும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டார்கள்.

பெரியவள் ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வாரம் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்யும் தப்புக்கெல்லாம் தன் காலால் பிரேக் போடுகிறவள். சின்னவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். கல்யாணமாகி வந்த புதிதில் மைதானத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவளிடம், "சும்மா நிக்காத, ஓட்டிப் பாரு" என்று பெரியவள்தான் தன் பழைய காரைக் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு சின்னவளை இன்னும் விடவில்லை. ஆனால் மைதானத்தில் எல்லோருக்கும் அது இன்றைக்கும் 'அக்கா கொடுத்த கார்'தான். அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சங்கத்திலிருந்து ஆண்டுக்கு ஒருவர்தான் பெரிய போட்டிக்குப் போக முடியும். எல்லா ஊர்ச் சங்கங்களும் கூடும் போட்டி அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இறுதி ஓட்டத்தில் யார் முதலோ அவருக்கு அந்த இடம். சின்னவள் சேர்ந்த நாளிலிருந்து அந்த இடம் பெரியவளுக்கே போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை அது தனக்கு வேண்டும் என்று சின்னவள் வெறிகொண்டிருந்தாள்.

குறுக்கே நின்றது ஒட்டக மேடு. இரண்டு திமில் மாதிரி அடுத்தடுத்து இரண்டு மண்மேடு இருப்பதால் அந்தப் பெயர். முதல் மேட்டிலிருந்து பறந்து இரண்டாவதன் மறுசரிவில் இறங்கினால் நேரம் மிச்சம். பெரியவளின் கார் ஒவ்வொரு சுற்றிலும் பறந்து இறங்கும். சின்னவளின் கார் பறப்பது வரைக்கும் சரிதான், இறங்கும்போதுதான் வினை. பழைய பிளாஸ்டிக் ஷாக்குகளில் எண்ணெய் கசிந்து சொட்டுக்கூட மிச்சமில்லாமல் போயிருந்தது. கார் தரையைத் தொட்டதும் பந்து மாதிரி எகிறி மல்லாக்க விழும். அதனால் பயந்து பயந்து மேட்டில் உருட்டிப் போவாள், பெரியவள் தலைக்கு மேலே பறந்து போவாள்.

இப்போது கையில் இருப்பதோ பளபளக்கும் அலுமினியம். பழையதைவிடத் தடித்த குழாய், கெட்டியான எண்ணெய், உள்ளே துளைகள் போட்ட புது பிஸ்டன். கார் இறங்கும்போது பிஸ்டன் அந்த எண்ணெய்க்குள் மெதுவாக அமிழ வேண்டும், அப்போதுதான் அடி உடம்பில் ஏறாது. ஆனால் ஒரு நிபந்தனை, எண்ணெயில் காற்றுக் குமிழி இருக்கவே கூடாது. குமிழி இருந்தால் அந்த இடத்தில் பிஸ்டனைத் தாங்க ஆள் இல்லை.

குமிழியா? சின்னவள் சிரித்துக்கொண்டாள். குமிழியை விரட்டுவதுதானே அவள் பிழைப்பு! பல் அச்சில் பிளாஸ்டர் ஊற்றியதும் அதை அதிரும் மேசைமேல் வைப்பார்கள். குமிழியெல்லாம் மேலே வந்து உடைந்துபோகும். மறுநாள் நாலு ஷாக்குகளையும் கூடத்துக்கே எடுத்துப் போனாள். எண்ணெய் ஊற்றி, அந்த மேசைமேல் நிறுத்தி, குமிழிகள் பொலபொலவென்று கிளம்பி வருவதைக் கண் இமைக்காமல் பார்த்தாள். மேலே எண்ணெய் கண்ணாடி மாதிரி தெளிந்ததும் மூடி போட்டுத் திருகினாள். பக்கத்தில் வேலை செய்தவர், "இது யாரோட பல்லு?" என்று கேட்டார். "என் ஓரகத்தியோட பல்லு. ஞாயித்துக்கிழமை பிடுங்கப் போறேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே முன்பக்க இரண்டை மட்டும் காரில் மாட்டி, முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்த்தாள். முன்பக்க ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வாகத் தோன்றியது. அதை மாற்றி மறுபடி போட்டாள். காலையில் படியிறங்கும்போது பெரியவள் பல் விளக்கிக்கொண்டே, "முன்னாடி ஸ்பிரிங் மாத்திட்ட போல? நல்லதுதான், நானும் மாத்தலாம்னு இருக்கேன்" என்றாள்.

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடுவிடுவென்று மேலே திரும்பினாள். அவள் கணவன் மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் வாயில் எதுவும் தங்காது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"ஸ்பிரிங் மாத்தினத அக்காகிட்ட சொன்னது நீங்கதானே?"

"எந்த ஸ்பிரிங்? கட்டில் ஸ்பிரிங்கா?"

அவன் முழித்த முழியில் பொய் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இங்கே தரை என்றால் கீழே அது கூரை. இத்தனை வருடமாக இவள் காரைப் போட்டுப் போட்டுப் பார்த்ததையெல்லாம் பெரியவள் கீழே படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். என்ஜின் சத்தத்தை வைத்தே கற்றுக்கொள்பவனின் கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்று சொல்லும் காது அது. இவள் வீட்டு ரகசியமெல்லாம் அந்தக் காதுக்குள் வரிசையாகப் போய் உட்கார்ந்திருக்கிறது.

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றாள் சின்னவள். மூளை பரபரவென்று வேலை செய்தது.

அன்று மாலை அவள் ஒரு நாடகம் போட்டாள். உதவாத பழைய ஷாக்குகளை ஓர் ஓட்டைச் சட்டத்தில் மாட்டி, தரையில் தடால் தடாலென்று போட்டுக்கொண்டே இருந்தாள். "அய்யோ, சரியாவே வரலியே!" என்று கீழே கேட்கும்படி கத்தினாள். நடுநடுவே கணவனை விட்டு, "அழாதம்மா" என்று சொல்ல வைத்தாள். அவன் அதைத் தன் கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் சொன்னான். பின்பக்கப் புது ஷாக்குகளையும் மாட்டிய உண்மைக் காரைத் தடித்த போர்வையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் போட்டுப் பார்த்தாள். பூனை நடக்கிற சத்தம்கூட வரவில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒரே இரைச்சல். ஜெனரேட்டர் ஒரு பக்கம் கதற, சங்கத் தலைவரான பேக்கரிக்காரர் இன்னொரு பக்கம் ஒலிபெருக்கியில் கதறிக்கொண்டிருந்தார். காலையில் தகுதி ஓட்டங்கள், மதியம் இறுதி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓட்டம் முடித்தவர்கள், நின்று ஓட்டிய மேடையிலிருந்து இறங்கி ஓய்வெடுக்க முடியாது. உடனே பாதையோரம் போய் நின்று, அடுத்த ஓட்டத்தில் கவிழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும். எதிராளியின் காரானாலும் ஓடிப் போய்த்தான் தூக்க வேண்டும். பெரியவள் முதல் ஓட்டத்திலேயே வென்றுவிட்டு, இரண்டாவது ஓட்டத்துக்கு ஒட்டக மேட்டின் பக்கத்தில் போய் நின்றாள். அந்த இரண்டாவது ஓட்டம் சின்னவளுடையது.

என்ன ஓட்டம் அது! முதல் சுற்றில் சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்காமல் மேட்டில் விட்டாள். கார் பறந்தது. இரண்டாவது திமிலைத் தாண்டி மறுசரிவில் இறங்கி, எகிறாமல், அப்படியே மண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடியது. மேடையில் நின்றவள் தன்னை மறந்து "ஆ!" என்று கூவிவிட்டாள். பிறகு பறந்தாள், மறுபடி பறந்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை கார் இறங்கும்போது இடது பக்கம் சாய்ந்து கவிழ்ந்தது. பெரியவள் பாய்ந்து நிமிர்த்தி விட்டாள். காற்று அடித்திருக்கும் என்று சின்னவள் நினைத்தாள். இரண்டாவதாக வந்து இறுதிக்குத் தேறினாள்.

மேசையில் உட்கார்ந்து டயரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரியவள் எதிரில் வந்து நின்றாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இடது பின்பக்க ஷாக்குல காத்து இருக்கு. திறந்து பாரு."

"என்னது?"

"மேட்டுக்குப் பக்கத்துலயே நின்னேன்டி. ஒவ்வொரு தடவையும் எறங்கறப்ப ரெண்டு சத்தம் வருது. வலது பக்கம் முதல்ல உக்காருது, இடது அப்பறம் போய் இடிக்குது. ஒரே சத்தமா வரணும். எண்ணெய் பத்தல, உள்ள காத்து நிக்குது."

சின்னவள் கணவனைப் பார்த்தாள். அவன் அண்ணி முன்னால் பேசத் தயங்கி, மனைவியின் காதில் கிசுகிசுத்தான். "திறக்காத. இறுதிக்கு நேரமே இல்ல. திறந்து போட்டுட்டு மாட்ட முடியாம நின்னேன்னா அவ்வளவுதான். உன்னைக் கலவரப்படுத்தப் பாக்கறாங்க."

கிசுகிசுப்பு என்று அவன் நினைத்துக்கொண்டதுதான் மிச்சம், பக்கத்து மேசைவரை கேட்டது.

"ஆமா தம்பி, கலவரப்படுத்தறேன்," என்றாள் பெரியவள். "எனக்கு வேற வேலை இல்ல பாருங்க."

சின்னவள் காரைக் கையில் எடுத்து மேசைமேல் போட்டுப் பார்த்தாள். ஜெனரேட்டர் சத்தத்தில் ஒரு மண்ணும் கேட்கவில்லை. கையால் மெதுவாக அமுக்கினாள், இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் அமுங்கியது. மெதுவாக அமுக்கினால் காற்று தெரியாது, அடித்தால்தான் தெரியும். அடித்துக் கேட்க வேண்டிய இடம் வீட்டுத் தரை. அங்கேதான் இவள் போர்வையை மடித்துப் போட்டிருந்தாளே! பெரியவள் காதுக்குப் போகக் கூடாது என்று மறைத்த சத்தம் தன் காதுக்கும் வராமல் போயிருக்கிறது.

"அக்கா, நீங்க எதுக்கு இதை வந்து சொல்றீங்க? நான் கவுந்தா உங்களுக்குத்தானே அந்த இடம்?"

"எனக்குத்தான். அது எனக்குத் தெரியாதா?" பெரியவள் சிடுசிடுத்தாள். "சொல்ல வேண்டாம்னுதான் அந்தப் பக்கம் போனேன். போக முடியல. உன்னை ஜெயிக்கணும்னு வந்திருக்கேன். உன் ஷாக்குல இருக்கற காத்தை ஜெயிச்சு நான் என்ன பண்ண? திறக்கறதும் திறக்காததும் உன் இஷ்டம்."

சொல்லிவிட்டு அவள் நகரவில்லை. கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றாள். சின்னவள் அந்த முகத்தையே பார்த்தாள். வென்றால் துள்ளுவாள், தோற்றால் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஓட்டுவாள், ஆனால் இத்தனை வருடத்தில் பந்தயத்தில் ஒரு பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. பொய் சொன்னதெல்லாம் தான்தான். 'அழாதம்மா' நாடகம் ஞாபகம் வந்து காது சூடாகியது.

"ஸ்குரூடிரைவர் கொடுங்க," என்றாள் கணவனிடம்.

இறுதி ஓட்டத்துக்கு முதல் அழைப்பு ஒலிபெருக்கியில் வந்தது. ஷாக்கைக் கழற்றி மூடியைத் திருகித் திறந்தாள். மேலே எண்ணெய் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த கணவன், "நான் சொல்லல?" என்றான். சின்னவள் பிஸ்டன் கம்பியைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தாள். குபுக்கென்று ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு சோடா பாட்டில் திறந்த மாதிரி வரிசையாகக் குமிழிகள் பிஸ்டனுக்கு அடியிலிருந்து கிளம்பி வந்தன.

"பிஸ்டன்!" சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பிளாஸ்டர்ல ஏதுக்கா பிஸ்டன்? மேசைல வச்சு அதிர விட்டேனே தவிர இதை அசைக்கவே இல்ல. காத்தெல்லாம் அதுக்கு அடியில பதுங்கிடுச்சு!"

"சரி சரி, புலம்பாத. எண்ணெய ஊத்து."

எண்ணெய் குழாய் விளிம்புவரை ஏறியது. இப்போது செய்ய ஒன்றும் இல்லை, மிச்சக் குமிழிகள் மேலே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கெட்டி எண்ணெய் வேறு, குமிழிகள் அசைந்து அசைந்து ஆடி வந்தன. சின்னவள் குழாயை ஆட்டி அவற்றை விரட்டப் பார்த்தாள். பெரியவள் ஷாக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டு ஆடாமல் நேராகப் பிடித்தாள். இரண்டாவது அழைப்பு வந்தது.

"அக்கா, நீங்க மேடைக்குப் போங்க. உங்க பேரையும்தான் கூப்பிடறாரு."

"வாய மூடிக்கிட்டு குமிழிய பாரு."

ஒன்று உடைந்தது. இன்னொன்று விளிம்பில் ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது. பெரியவள் நகத்தால் குழாயை மெல்லச் சுண்டினாள், அதுவும் உடைந்தது. "போடு மூடிய!" சின்னவள் மூடியைப் போட்டுத் திருகினாள், கணவன் கீழ் ஸ்குரூவை முடுக்கினான், அவள் மேல் ஸ்குரூவை முடுக்கினாள். "கடைசி அழைப்பு! ஓரகத்திகள் ரெண்டு பேரும் எங்கே? குடும்பப் பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கங்க!" என்று பேக்கரிக்காரர் அலறினார். இரண்டு பேரும் காரையும் ரிமோட்டையும் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடினார்கள்.

மேடையில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் ஓட்டம் தொடங்கிவிட்டது.

பெரியவள் முதல் வளைவிலேயே முன்னால் போனாள். சின்னவள் நாலாவது இடத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு வளைவில் ஒருவரை உள்பக்கமாகவும் அடுத்ததில் ஒருவரை வெளிப்பக்கமாகவும் தாண்டினாள். ஒட்டக மேடு வந்தது. விட்டாள். கார் இறங்கியதைக் கண்ணால் பார்த்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இறங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது, மண் தானாக வந்து டயரின் கீழே நின்றது. காலையில் அருமை என்று நினைத்த ஓட்டமெல்லாம் இதன் கால்தூசி பெறாது. கார் அவள் சொன்னதைக் கேட்டது, அவள் சொல்லாததையும் கேட்டது.

கடைசிச் சுற்றுகளில் மற்றவர்களெல்லாம் பின்தங்கிவிட்டார்கள். பெரியவள் முன்னே, சின்னவள் அவள் வாலைப் பிடித்தபடி பின்னே. பெரியவள் ஓர் அங்குலம் வழிவிடவில்லை. எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் வந்து நின்றாள். "கடைசிச் சுத்து! கடைசிச் சுத்து!" பேக்கரிக்காரரின் குரல் கிழிந்தது. ஒட்டக மேட்டுக்குத் திரும்பும் வளைவில் பெரியவள் உள்பக்கத்தை அடைத்தாள். சின்னவள் வெளியே போனாள். வெளிப்பக்கம் மண் உதிரியாகக் கிடக்கும், அங்கிருந்து யாரும் பறக்க மாட்டார்கள். சின்னவள் பறந்தாள்.

இரண்டு கார்களும் ஒன்றாகக் காற்றில் ஏறின. பெரியவளின் கார் இறங்கி, ஒரு பொட்டு எகிறி, மறுபடி மண்ணைப் பிடித்தது. அந்த ஒரு பொட்டு நேரத்தில் சின்னவளின் கார் முன்னால் போய்விட்டது. கோட்டை அரைக் கார் நீளத்தில் தாண்டியது.

சின்னவள் மேடையிலேயே குதித்தாள். கீழே அவள் கணவன் யாரென்று தெரியாத ஒருவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். "பெரிய போட்டிக்கு நம்ம சங்கத்திலிருந்து போறது சின்ன மருமக!" என்று பேக்கரிக்காரர் அலற, மைதானமே கைதட்டியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பிப் பெரியவளைக் கட்டிக்கொள்ளப் போனவள் அப்படியே நின்றாள். பெரியவளின் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா..."

"கொஞ்ச நேரம் என் மூஞ்சிய பாக்காத." பெரியவள் முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். "நான் தோத்ததுக்கு அழறேன். நீ ஜெயிச்சதுக்கு இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா..."

"சொல்லாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன். கடைசி சுத்துல அதையேதான் நினைச்சேன். எதுக்குடி வாயத் திறந்தோம்னு என்மேலயே ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான்."

பாதையில், இறுதிக்குத் தேறாதவர்களின் ஆறுதல் ஓட்டத்துக்குக் கார்கள் வந்து நின்றன. முடித்தவர்கள் இறங்கி வந்து பாதையோரம் நிற்கவில்லை என்று பேக்கரிக்காரர் திட்டத் தொடங்கினார். பெரியவள் முதல் ஆளாகப் படியிறங்கினாள். பாதி இறங்கியவள் நின்று, சிவந்த கண்ணோடு அண்ணாந்து பார்த்தாள்.

"ஆனா கடைசில அந்த உதிரி மண்ணுல இருந்து விட்ட பாரு, என்ன தாவல்டி அது! என் காரப் பாக்கறத விட்டுட்டு உன் காரப் பாத்துட்டேன். அதான் தோத்தேன்."

ஜெயித்தபோது வராத அழுகை சின்னவளுக்கு அப்போதுதான் வந்தது. ரிமோட்டைக் கணவன் கையில் திணித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெரியவளின் பின்னால் பாதைக்கு ஓடினாள்.